எரிந்து போனவற்றின் வரலாறு: டெஸ்லா சுருளும் நம் அறிவியல் விழாக்களும்



என் மேசை இழுப்பறையில் பழைய மைலோ டின் ஒன்று இருக்கிறது. அதனுள் எரிந்து போன 11 டிரான்சிஸ்டர்களைப் போட்டு வைத்திருக்கிறேன். சிலவற்றின் கருமேனி பிளந்து கிடக்கும். சில பார்வைக்குப் புதியன போலவே இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் குப்பை என்கிறார்கள். நான் அதை வரலாறு என்கிறேன். அவை யாவும் இரண்டு பள்ளி விடுமுறைகளில் நானே செய்து பார்த்த ஒரு டெஸ்லா சுருளுக்குப் பலியானவை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் கற்பித்துக் கொண்டிருந்தபோது, "ஐயா, கம்பியே இல்லாமல் விளக்கு எரியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எரியும் என்றேன். "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்பது அவளுடைய அடுத்த வினா. நான் படித்திருந்தேனே தவிர, பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில்தான் வேலை தொடங்கியது.

செய்யத் தொடங்கிய பிறகே இச்சுருளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இது வெற்றிகளின் வரலாறு என்பதைவிட, எரிந்து போனவற்றின் வரலாறு என்பதே பொருந்தும். அதைத்தான் இங்கே ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இறுதியில் நான் தவறாக மதிப்பிட்ட ஒரு மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெஸ்லா சுருள் என்பது என்ன?

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. அது நொடிக்கு 50 முறை அலைகிறது. டெஸ்லா சுருள் அதனை எடுத்துக்கொண்டு, பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தமும் நொடிக்குப் பல்லாயிரம் முதல் பல இலட்சம் வரையிலான அலைவும் உடைய மின்சாரமாக மாற்றுகிறது. உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் மின்பொறிகள் காற்றில் கிளைவிடும். அருகில் பிடித்த குழல் விளக்கு கம்பி இணைப்பின்றியே ஒளிரும்.

இதில் இரண்டு சுருள்கள் உண்டு. தடித்த கம்பியாலான சில சுற்றுகள் கொண்டது முதன்மைச் சுருள். முடி போன்ற கம்பியில் ஏறத்தாழ 1,000 சுற்றுகள் சுற்றப்பட்டது துணைச் சுருள். சாதாரண மின்மாற்றியில் இருப்பது போன்ற இரும்பு உள்ளகம் இதில் இல்லை. ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் இங்கே வேலை செய்வதில்லை. ஒத்ததிர்வும் சேர்ந்து வேலை செய்கிறது.

ஒத்ததிர்வை விளக்க நம் வீடுகளில் உள்ள ஒரு பொருளே போதும். சுருள்வில்லில் தொங்கும் துணித்தொட்டிலை நினைத்துக் கொள்ளுங்கள். அதற்கென்று ஓர் இயல்பான தாளம் உண்டு. அந்தத் தாளத்தை அறிந்த பாட்டி ஒரு விரலால் தட்டியே தொட்டிலை ஆட்டிவிடுவார். தாளம் அறியாதவர் இரண்டு கைகளால் தள்ளினாலும் தொட்டில் தடுமாறும். குழந்தை வளர்ந்து எடை கூடினால் தாளம் மெதுவாகிவிடும். பாட்டியின் விரலும் அதற்கேற்ப மெதுவாகும். துணைச் சுருள்தான் தொட்டில். முதன்மைச் சுருள்தான் பாட்டியின் விரல். இந்த ஒப்புமை பின்னால் மீண்டும் தேவைப்படும்.

டெஸ்லாவுக்கு முன்னே

இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மற்றொன்றில் மின்னோட்டம் தோன்றுவதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதம் இலண்டனில் கண்டறிந்தார். நம் பாடநூல்கள் இந்த நாளை மட்டுமே சொல்லும். 1820களிலேயே அவர் இதே நோக்கத்தோடு சோதனைகள் செய்து, பலன் கிட்டாததையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார் என்பதை நாம் மாணவர்களிடம் சொல்வதில்லை. ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். பெரிய கல்லூரிப் படிப்பு அவருக்கு இல்லை. குறிப்பெழுதும் பழக்கமே அவருடைய கல்லூரி எனலாம்.

1836இல் அயர்லாந்தின் மேனூத் நகரில் ஆசிரியப் பணியாற்றிய நிக்கோலஸ் காலன் என்னும் பாதிரியார், மிகுந்த மின்னழுத்தம் தரும் தூண்டுச்சுருளை உருவாக்கினார். பாரிசில் கருவிகள் செய்துவந்த ஹைன்ரிக் ரும்கோர்ஃபு 1850களில் அதனைச் செம்மைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவருடைய பெயரே அச்சுருளுக்கு நிலைத்துவிட்டது. மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை 1880களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மெய்ப்பித்தபோது, பொறிகளை உண்டாக்க அவருக்கு உதவியதும் தூண்டுச்சுருளே.

உருகிய காப்புறையில் பிறந்த கண்டுபிடிப்பு

நிக்கோலா டெஸ்லா 1856இல், இன்று குரோவாசியாவில் உள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில், செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். 1884இல் நியூயார்க்குக்கு வந்தார். 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்றவர், ஹெர்ட்சின் ஆய்வுகளைப் பற்றி அறிந்து, திரும்பியதும் அவற்றைத் தாமே செய்து பார்க்க முனைந்தார்.

அவரிடம் விரைவாகச் சுழன்று உயர் அதிர்வெண் மின்சாரம் தரும் மின்னாக்கி இருந்தது. அதை ரும்கோர்ஃபு சுருளோடு இணைத்தார். சுருள் தாங்கவில்லை. உயர் அதிர்வெண்ணில் இரும்பு உள்ளகம் கடுமையாகச் சூடேறியது. இரு சுருள்களுக்கும் இடையே இருந்த காப்புப் பொருள் உருகியது. மெதுவான துடிப்புக்கென்று செய்யப்பட்ட கருவியை வேகமான அலைவில் ஓட்டியதன் விளைவு அது.

இந்த இடத்தில் ஒருவர் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். எரிந்த சுருளுக்குப் பதில் புதிய சுருளை வாங்கி மாட்டலாம். அல்லது, ஏன் எரிந்தது என்று கேட்கலாம். டெஸ்லா இரண்டாவதைச் செய்தார். காப்புப் பொருள் உருகினால் அதற்குப் பதில் காற்றிடைவெளி விட்டார். இரும்பு சூடேறினால் அதனை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வகை செய்தார். பின்னர் இரும்பே இல்லாமலும் சுருள்கள் செய்தார். மின்தேக்கி ஒன்றையும் பொறியிடைவெளி ஒன்றையும் சேர்த்து, மின்தேக்கியில் நிரம்பிய மின்னூட்டம் பொறியாகப் பாயும்போது முதன்மைச் சுருளில் வேகமான அலைவு எழச் செய்தார். சுற்றுகளுக்கிடையே பொறி தாவிக் காப்பைத் துளைத்தபோது, சுருளையே எண்ணெயில் அமிழ்த்தினார்.

1891ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில், மின்பொறியாளர்கள் முன்னிலையில், கம்பி இணைப்பற்ற குழாய்களைக் கையில் ஏந்தி ஒளிரச் செய்தார். அதே ஆண்டு ஜூன் 23ஆம் நாள், இச்சுருளைப் பயன்படுத்தும் விளக்கு முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று டெஸ்லா சுருள் என நாம் அழைப்பதன் பிறப்பு அதுவே. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பழுதுக்குக் கிடைத்த விடை என்பதை மறக்கக்கூடாது.

ஒளிப்படமும் குறிப்பேடும்

1899இல் டெஸ்லா அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்சில் பெரிய ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கிருந்த சுருளின் விட்டம் ஏறத்தாழ 15 மீட்டர். அவருடைய சோதனை ஊருக்கு மின்சாரம் தந்த நிலையத்தின் மின்னாக்கியையே எரித்துவிட்டது என்னும் செய்தி அவர் வாழ்க்கை வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது.

அந்த ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்ட ஓர் ஒளிப்படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். தலைக்கு மேல் மின்னல்கள் சீறிப் பாய, டெஸ்லா நாற்காலியில் அமைதியாக அமர்ந்து எதையோ படித்துக் கொண்டிருப்பார். என் வகுப்பறைச் சுவரிலும் அப்படம் பல ஆண்டுகள் தொங்கியது. ஆனால், அது ஒரே தட்டில் வெவ்வேறு வேளைகளில் பதிக்கப்பட்ட காட்சிகளின் சேர்க்கை. பொறிகள் தனியாகப் பதிக்கப்பட்டன; டெஸ்லா அமர்ந்திருந்தது தனியாகப் பதிக்கப்பட்டது. பொறி பாயும்போது தாம் அங்கே அமர்ந்திருக்கவில்லை என்பதை அவரே தம் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார்.

அதே ஆய்வுக்கூடத்தில் இன்னொன்றும் உருவானது. 1899 ஜூன் முதல் 1900 ஜனவரி வரை டெஸ்லா ஏறத்தாழ நாள்தோறும் எழுதிய ஆய்வுக் குறிப்பேடு அது. பெல்கிரேடில் உள்ள நிக்கோலா டெஸ்லா அருங்காட்சியகத்தின் முயற்சியால் 1978இல் நூலாக வெளிவந்தது. கணக்கீடு, சுருளின் அளவு, மாற்றியமைத்த இணைப்பு, மீண்டும் கணக்கீடு என்று பக்கங்கள் நீளும். இடி மின்னலுக்கு நடுவே நாற்காலியில் அமர்ந்த மாயக்காரரை அதில் காண முடியாது. திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு தொழிலாளியைக் காணலாம்.

உலகம் ஒளிப்படத்தை நினைவில் வைத்துக்கொண்டது. குறிப்பேட்டை மறந்துவிட்டது. நம் பள்ளிகளிலும் இதுவே நடக்கிறது என்பது என் கவலை.

பொறியிடைவெளியிலிருந்து டிரான்சிஸ்டருக்கு

டெஸ்லாவின் சுருளை இயக்கியது பொறியிடைவெளி. அது பெருஞ்சத்தமிடும், சூடேறும், உலோக முனைகளை அரிக்கும். தொடக்கக் கால வானொலி அனுப்பிகளும் பொறியாலேயே இயங்கின. பிறகு வெற்றிடக்குழாய் வந்து, 1920களில் அனுப்பிகளின் வேலையை எடுத்துக்கொண்டது. சுருள் செய்வோரும் குழாய்களைக் கொண்டு சுருள்களை இயக்கினர்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். வில்லியம் ஷாக்லியுடன் சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் தொடக்கக் கால டிரான்சிஸ்டர்கள் சிறு ஆற்றலையே தாங்கின. வானொலிப் பெட்டிக்குப் போதும், மின்னலுக்குப் போதாது. மிகுந்த மின்னோட்டத்தை விரைவாக இணைத்துத் துண்டிக்கவல்ல மோஸ்ஃபெட் வகைகள் 1970களின் இறுதியில் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து, 1980களின் தொடக்கத்தில் ஐஜிபிடி வந்தது.

இந்த ஐஜிபிடியின் கண்டுபிடிப்பாளர் பி. ஜெயந்த் பலிகா. 1948இல் சென்னையில் பிறந்தவர். பெங்களூரில் வளர்ந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் பொறியியல் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்கா சென்று, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது இக்கருவியை உருவாக்கினார். அது உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு அணைய மறுக்கும், மிக மெதுவாக இயங்கும் என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. இரண்டும் உண்மையான சிக்கல்களே. முதலாவதற்கு உள்ளமைப்பை மாற்றி விடை கண்டார். இரண்டாவதற்கு எலெக்ட்ரான் கதிர்களைப் பாய்ச்சி அணையும் வேகத்தைக் கூட்டினார். இன்று மின்தொடர்வண்டி, குளிர்சாதனம், மின்தூண்டல் அடுப்பு எனப் பலவற்றில் அவருடைய கருவி இருக்கிறது. 2014இல் ஐஇஇஇ அமைப்பின் உயரிய விருதும், 2024இல் பின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசும் அவருக்குக் கிடைத்தன. டெஸ்லாவைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர்கள் பலிகாவைப் பற்றியும் ஒரு வரி சொல்லலாம்.

இத்தகைய கருவிகள் மலிவானபோது, வீட்டில் சுருள் செய்வோர் பொறியிடைவெளியைக் கைவிட்டு டிரான்சிஸ்டருக்கு மாறினர். 2000களில் மின்பொறியின் துடிப்பை இசைச்சுரத்துக்கு ஏற்ப மாற்றிச் சுருளையே பாட வைத்தனர். 2010இல் ஆர்க்அட்டாக் என்னும் குழு அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பாடும் சுருள்களோடு தோன்றியது. அங்கேயும் மக்கள் பார்த்தது ஒளிப்படத்தின் பக்கத்தைத்தான். அந்த மேடைக்குப் பின்னே எத்தனை மைலோ டின்கள் நிரம்பியிருக்கும் என்பதைச் சுருள் செய்தவர்களே அறிவர்.

என் மேசையில் நடந்தவை

மூன்றங்குல பிவிசி குழாயில் ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் உயரத்துக்கு 1,000 சுற்றுக்கும் சற்று அதிகமாகக் கம்பி சுற்றினேன். சுற்றி முடிக்க மூன்று மாலைகள் ஆயின. ஏறத்தாழ 250 மீட்டர் கம்பி தீர்ந்தது. உச்சியில் அலுமினியத் தாள் ஒட்டிய வளையம். கணக்குப்படி அதன் இயல்பான அலைவு நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் முறை. கீழே இரண்டு மோஸ்ஃபெட்டுகள் மாறி மாறித் திறந்து மூடி முதன்மைச் சுருளைத் துடிக்கச் செய்யும். துணைச் சுருளின் அலைவை ஒரு சிறு அலைவாங்கி உணர்ந்து, எப்போது தள்ள வேண்டும் என்பதை மோஸ்ஃபெட்டுகளுக்குச் சொல்லும். பாட்டியின் விரல் தொட்டிலை உணர்வது போன்ற ஏற்பாடு இது.

முதல் பழுது: ஒன்றுமே நடக்கவில்லை. பொறி இல்லை, சத்தம் இல்லை. இரண்டு நாள் இணைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. மூன்றாம் நாள்தான் தொட்டில் நினைவுக்கு வந்தது. தொட்டில் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் அது நின்றுவிடும் அல்லவா? முதன்மைச் சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றினேன். உச்சியில் ஊதா நிறப் பொறி, அரிசி மணி அளவில் தெரிந்தது.

இரண்டாம் பழுது: அழுத்தத்தைக் கூட்டியதும் இரண்டு மோஸ்ஃபெட்டுகளும் வெடித்தன. புதியவற்றை மாட்டினேன், அவையும் வெடித்தன. ஒரே மாலையில் நான்கு. எரிந்ததை மாற்றினேனே தவிர, எரிந்த காரணத்தை மாற்றவில்லை. மறுநாள் தாளில் வரைந்து பார்த்தபோது, முந்தைய நாள் பிரித்துப் பூட்டியபோது வாயில் மின்மாற்றியின் ஒரு சுருளைத் தலைகீழாக இணைத்திருந்தது தெரிந்தது. மாறி மாறித் திறக்க வேண்டிய இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தன. அப்படித் திறந்தால் மின்சாரம் சுருளுக்குப் போகாமல் இரண்டின் வழியாகவும் நேரே பாய்ந்துவிடும். உருகி அறுந்து வீட்டைக் காத்தது. மோஸ்ஃபெட்டைக் காக்க அதற்கு நேரம் போதவில்லை.

மூன்றாம் பழுது: குறைந்த அழுத்தத்தில் அழகாக இயங்கியது, கூட்டினால் இறந்தது. இதற்கு மட்டும் ஆறு மோஸ்ஃபெட்டுகள் பலியாயின. இறுதியில் நண்பரிடம் அலைவுகாட்டி ஒன்றை இரவல் வாங்கினேன். வாயிலுக்குச் செல்லும் துடிப்பு சதுரமாக இருக்க வேண்டும். திரையிலோ, அதன் ஓரங்களில் கூரிய முட்கள் தெரிந்தன. மோஸ்ஃபெட்டின் வாயில் பொதுவாக 20 வோல்ட்டு வரைதான் தாங்கும். அந்த முட்கள் அதைத் தாண்டியிருந்தன. காரணம், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் நீளமாக விட்ட கம்பிகள். கம்பிகளைக் குறுக்கி முறுக்கினேன். வாயில் அருகே சில ஓம் தடையும் காப்பு டயோடுகளும் சேர்த்தேன். முட்கள் மறைந்தன.

நான்காம் பழுதுதான் என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது. பொறி நீண்ட மகிழ்ச்சியில் இருந்தபோது, முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையே பொறி தாவி, காப்புப் பூச்சைக் கருக்கி, பதினோராவது மோஸ்ஃபெட்டையும் கொன்றது. இரண்டு சுருள்களையும் மிக நெருக்கமாக வைத்திருந்தேன். முதன்மைச் சுருளை அகலமாக்கிக் கீழே இறக்கி, இடைவெளி விட்டதும் சரியானது. அதற்குப் பிறகு டெஸ்லாவைப் படித்தபோதுதான், இரு சுருள்களுக்கும் இடையிலான காப்பு அவருக்கும் கைகொடுக்காமல் போய், காற்றிடைவெளியே விடையானதை அறிந்தேன். நூறாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விடையை நான் 11 மோஸ்ஃபெட்டுகள் கொடுத்து மீண்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால், விலை கொடுத்து வாங்கியதால் அது இனி மறக்காது.

இப்போது என் சுருள் ஒரு விரல் நீளத்துக்கும் சற்று அதிகமான பொறி விடுகிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் குழல் விளக்கு ஒளிர்கிறது.

இங்கே கண்டிப்பான ஓர் எச்சரிக்கை. சுவர் மின்சாரத்தில் இயங்கும் சுருள் தொடக்கப்பள்ளிக்கு உரியதன்று. அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் உயிர்க்கொல்லி மின்னூட்டம் தங்கியிருக்கும். உயர் அதிர்வெண் பொறி சில வேளைகளில் அதிர்ச்சியாக உணரப்படாது. ஆனால், தசையைச் சுட்டுவிடும். இதயமுடுக்கி, காதுக் கருவி பொருத்தியவர்கள் அருகில் வரவே கூடாது. மாணவர்களுக்கு 9 வோல்ட்டு மின்கலத்திலும் ஒரே ஒரு சிறு டிரான்சிஸ்டரிலும் இயங்கும் சிறிய சுருளே போதும். வினா கேட்ட மாணவியின் கையில் சிறு குழல் விளக்கைக் கொடுத்து, அந்தச் சிறிய சுருளின் அருகே நீட்டச் சொன்னேன். முதலில் எரியவில்லை. கம்பி முனையில் பூச்சு சுரண்டப்படாமல் இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். விளக்கு எரிந்ததைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

நான் திறக்காத நோட்டு

இப்போது அந்த மாணவனைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அறிவியல் விழாவில் நான் நடுவராக இருந்தேன். ஒரு மாணவன் இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், பூச்சிட்ட செப்புக்கம்பி, மின்கலம் ஆகியவற்றைக் கொண்டு சிறு மின்னோடி செய்திருந்தான். நான் நின்றபோது அது சுழலவில்லை, நடுங்கிவிட்டு நின்றது. அடுத்த மேசையில், கடையில் பெட்டியாக வாங்கிப் பூட்டிய காற்றாலை அழகாகச் சுழன்றது. முதல் பரிசைக் காற்றாலைக்குக் கொடுத்தேன். மின்னோடியின் அருகில் ஒரு நோட்டு இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

விழா முடிந்து மேசைகளை ஒழுங்குபடுத்தியபோது அந்த நோட்டு என் கைக்கு வந்தது. ஏழு முயற்சிகளை நாள் வாரியாக எழுதியிருந்தான். ஏழாவதில், கம்பியின் இரு முனைகளிலும் பூச்சை முழுவதும் சுரண்டியதுதான் காரணமாக இருக்கலாம். ஒரு முனையில் பாதி மட்டும் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அது முற்றிலும் சரியான விடை. இரண்டையும் முழுமையாகச் சுரண்டினால் அரைச்சுற்றுக்கு ஒருமுறை விசை எதிர்த்திசையில் இழுக்கும். சுருள் நடுங்கும், சுழலாது. விடையை அவன் கண்டுபிடித்துவிட்டான். செய்து பார்க்க ஒரு நாள் போதவில்லை.

மறு ஆண்டு அவன் விழாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. இன்று அவன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். நோட்டு என்னிடம் இருக்கிறது. எரிந்த மோஸ்ஃபெட்டுகளை எண்ணும்போதெல்லாம், என் 11 தவறுகளுக்கு வரலாறு என்று பெயர் சூட்டிக்கொண்ட நான், அவனுடைய ஏழு முயற்சிகளுக்குத் தோல்வி என்று பெயர் வைத்தேனே என்று எண்ணிக்கொள்வேன்.

உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல் என்று அறிவியல் செயற்பாங்குத் திறன்களை ஆசிரியர் கல்விக் கழகத்தில் நாம் மனப்பாடமாகப் படித்தோம். அவன் நோட்டில் அத்தனையும் இருந்தன. காற்றாலைப் பெட்டியில் எதுவுமில்லை.

ஆகவே, இப்போது என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். படைப்போடு ஒரு பழுதுக் குறிப்பேடும் வர வேண்டும். அதில் நான்கே பத்திகள்: எதை எதிர்பார்த்தேன், எதை உற்றறிந்தேன், காரணம் என்னவென்று ஊகித்தேன், எந்த ஒன்றை மட்டும் மாற்றினேன். பாதி மதிப்பெண் குறிப்பேட்டுக்கு. படைப்பு இயங்கவில்லை என்றாலும் அந்தப் பாதி உண்டு. குறிப்பேடு இல்லாமல் படைப்பு மட்டும் இயங்கினால் அந்தப் பாதி இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கு முதல் நாள் இரவு, பிள்ளையின் படைப்பு இயங்காமல் நிற்கும்போது, அதை வாங்கி நீங்களே சரிசெய்து கொடுக்கத் தோன்றும். கடைக்கு ஓடத் தோன்றும். அது அன்புதான். ஆனாலும், அந்த இரவில் உங்கள் பிள்ளை ஃபாரடேயும் டெஸ்லாவும் பலிகாவும் நின்ற அதே இடத்தில் நிற்கிறது. அருகில் அமர்ந்து, "என்ன பார்த்தாய்? எழுது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேசையில் நோட்டு இருந்தால், தயவு செய்து திறந்து பாருங்கள்.

டெஸ்லாவின் அந்த ஒளிப்படம் இன்னும் என் வகுப்பறைச் சுவரில்தான் இருக்கிறது. அதன் அடியில், அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை இரண்டு வரிகளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாணவர்கள் முதலில் ஏமாற்றமடைகிறார்கள். பிறகு, "அப்படியென்றால் உண்மையில் என்ன நடந்தது, ஐயா?" என்று கேட்கிறார்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவேன்.